பச்சைக் கட்டம்

கட்டம் விழவில்லை. பொத்தானைப் பாதி அமுக்கிப் பிடித்தபடியே நின்றார் இஞ்ஞாசி ராயர். பாதிதான் அமுக்கவேண்டும். முழுக்க அமுக்கினால் படம் விழுந்துவிடும். பாதியில் நிறுத்தினால், எதிரே மனுச முகம் எங்கே இருக்கிறதோ அங்கே, அந்தச் சின்னத் திரையில் பச்சையாக ஒரு கட்டம் வந்து உட்காரும். பேத்தி கோயிலில் புதுநன்மை எடுத்த விசேஷத்துக்கு வாங்கிய காமிரா. சட்டைப் பைக்குள் அடங்குகிற சாமான், மூலையெல்லாம் தேய்ந்துவிட்டது. பேத்திக்கு இப்போது செல் இருக்கிறது, பீரோவில் கிடந்ததை இவர் எடுத்துக்கொண்டார். என்ன ராயரே, கடலைப் படம் பிடிக்கிறீராமே, கடல் எங்கேயும் ஓடிப்போகப் பார்க்குதா என்று ஊரில் கேட்டார்கள். பிடிக்கிறேன், உமக்கென்ன என்றார். கடலைத்தான் பிடிக்கிறார் என்று ஊர் நினைத்துக்கொண்டது ஒருவகையில் நல்லதாய்ப் போயிற்று. தினமும் பொழுது சாய்கிற நேரம், கடலுக்குள் கருங்கல் கொட்டி நீட்டியிருக்கிற தூண்டில் வளைவின் மேல் பாதி தூரம் நடந்து, கடலுக்கு முதுகு காட்டிக் கரையைப் பார்த்துத் திரும்பி நிற்கிற ஆளை, கடலைப் பிடிக்கிறான் என்று சொல்கிறவர்களை என்னவென்று சொல்வது. கரையில்தான் அவள் நிற்கிறாள். இப்போதும் நிற்கிறாள். கல்வரிசை கரையைத் தொடுகிற மடக்கில், கணுக்கால் தண்ணீரில், தலையில் முக்காடு, ஒரு கையில் என்னமோ. கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு கண் ஆபரேசன் ஆனது, மற்றது ஆகாதது, இரண்டுக்கும் தெரிகிறது. திரையிலோ அவள் நிற்கிற இடத்தில் கறுப்பாக ஒரு தீற்றல். அவளுக்குப் பின்னால் ஊர், ஊருக்குப் பின்னால் பனங்காடு, அதற்கும் பின்னால் சூரியன் போன இடம் செம்பு மாதிரிக் காய்ந்துகொண்டிருக்கிறது. காமிரா கிர்ரென்று முனகி எதையோ தேடியது, மூக்கை நீட்டியது, இழுத்துக்கொண்டது, பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டது. கட்டம் இல்லை. கட்டம் இல்லையென்றால் ஆள் இல்லை. முழுக்க அமுக்கினார். மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்று கையை ஆட்டியது. விழுந்த படத்தில் வானம் மட்டும் வானமாக இருந்தது, மற்றதெல்லாம் தண்ணீரில் கரைத்த மை.

ஆள் இல்லை என்றால் யார் கையை ஆட்டுகிறது. ஆட்டுகிறாள், பார். கோழியை விரட்டுகிற மாதிரி, உள்ளங்கையைக் கீழே போட்டு, போ போ என்று. அப்படித்தான் இவர் பெண்டாட்டி மெற்றில்டா ஆட்டுவாள். அடுக்களைக்குள் இவர் எட்டிப் பார்த்தால் அந்த ஆட்டல்தான், போங்க, நான் கூப்பிடுதேன், போங்க. நாற்பது வருசம் துறைமுகத்தில் டாலி கிளார்க் வேலை பார்த்தவனுக்கு ஒரு ஆட்டலை அடையாளம் தெரியாதா. சரக்கு இறங்குகிற கப்பலில் கப்பல் பக்கம் ஒரு டாலி கிளார்க் நிற்பான், கரைப் பக்கம் ஒருத்தன். கிரேன் தூக்கி இறக்குகிற ஒவ்வொரு தூக்குக்கும் அவன் ஒரு கோடு போடுவான், இவன் ஒரு கோடு போடுவான். சாயங்காலம் இரண்டையும் ஒத்துப் பார்ப்பது. இரண்டும் ஒத்து வந்தால்தான் மூட்டை மூட்டை. ஒருத்தன் மட்டும் பார்த்த மூட்டை மூட்டையே கிடையாது. நான் கண்ணால் பார்த்தேன் என்று எத்தனை பேர் கோயில் பக்கம் கையை நீட்டிச் சத்தியம் செய்திருக்கிறார்கள், இஞ்ஞாசி அசைந்ததில்லை. உன் கண்ணு உனக்கு, எனக்கு ரெண்டாவது கோடு எங்கே. அப்படிப் பேசிய வாய் இப்போது என்ன பேசும். இவருடைய கண் ஒரு கோடு போட்டுவிட்டது. இரண்டாவது கோட்டுக்குத்தான் இந்தக் காமிரா. அதுவும் கரைக்காரன் மாதிரி, தினம் தினம், எங்கிட்ட வரவே இல்லை என்று கையை விரிக்கிறது.

முதலில் வீட்டில்தான் தெரிந்தாள். மெற்றில்டாவின் அடக்கம் முடிந்து, நாற்பதாம் நாள் பூசையும் முடிந்து, மகள் சில்வியா கோயம்புத்தூருக்குக் கிளம்பிப் போன பிறகு ஒருநாள் காலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், சேலைக் கரையை நீவிக்கொண்டு. இவருக்குப் பயமே வரவில்லை. காப்பி போடு என்று சொல்லப்போனார், நாக்கு நுனி வரை வந்துவிட்டது. போனில் சில்வியாவிடம் அதைச் சொன்னதுதான் தப்பு. அடுத்த நாளே வந்து நின்றாள். பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர். கண்ணு மங்கும்போது மூளை சும்மா இருக்காது பெரியவரே, தானா ஒரு படத்தை வரைஞ்சுரும், பயப்படக்கூடாது, ஆனா அடிக்கடி வந்துதுன்னா தனியா இருக்கக்கூடாது. வரைஞ்சுருமாம். இவர் வாழ்நாளில் ஒரு வாழைப்பழம் வரைந்ததில்லை. வெளியே வந்ததும் சில்வியா சொன்னாள், "அப்பா, இன்னொரு தடவை தெரிஞ்சுதுன்னா கையோட கூட்டிட்டுப் போயிருவேன், பாத்துக்கோங்க. அடம் பிடிக்கக் கூடாது." அன்றிலிருந்து சாயங்காலம் தவறாமல் போன் வருகிறது. சாப்டியளா. ம். மாத்திரை. ம். ஏதும் தெரிஞ்சுதா. இல்ல. அந்த இல்ல-வைச் சொல்லும்போது மட்டும் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொள்வார். கோயம்புத்தூரில் அவள் இருப்பது நாலாவது மாடி, பால்கனிக்கும் கம்பி அடித்திருக்கிறார்கள், கிளிக்கூண்டுக்குள் துணி காயப்போட்ட மாதிரி. அதுகூடப் பரவாயில்லை. மெற்றில்டாவுக்குக் கோயம்புத்தூருக்கு வழி தெரியாது. பஸ் ஏறினால் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிடுகிற பெண்பிள்ளை. இங்கே வந்து வந்து பார்ப்பாள். கதவு பூட்டியிருக்கும். அப்புறம்? அந்த அப்புறத்துக்கு மேல் நினைப்பு போகாமல் நின்றுகொண்டது. வீட்டில் அவள் வருவதும் நின்றுபோய்ப் பல மாதம் ஆகிறது, இப்போது இங்கே. ஏன் இங்கே.

அதுதான் இடறுகிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஏன் தண்ணீரில் வந்து நிற்கவேண்டும் அவள். தேரிக்காட்டுப் பக்கத்துக்காரி, செம்மண்ணில் பிறந்தவள், கிணற்றை எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும். கட்டிக்கொண்டு வந்த புதுசில் கோயில் கொடியேற்றத்தன்று சாயங்காலம் வலுக்கட்டாயமாகக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தார். இந்தக் கல்வரிசையெல்லாம் அப்போது கிடையாது, வெறும் மணல். எல்லாரும் கடலைப் பார்த்து நிற்க இவள் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றாள், ஊரையே பார்த்துக்கொண்டு. பின்னாலிருந்து ஒரு அலை வந்து முழங்காலை அடித்தது. கத்தினாள். அலை திரும்பும்போது ஒரு செருப்பு போய்விட்டது. புதுச் செருப்பு, சிவப்பு வார், கல்யாணத்துக்கு எடுத்தது. இவர் சிரித்த சிரிப்பு, இப்போது நினைத்தாலும் வயிற்றுக்குள் கேட்கிறது. "அதையும் தூக்கிப் போடு, அதுக்குச் சோடியாவது கெடைக்கும்." போடவில்லை. மிச்சமிருந்ததைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். "கடல் கொண்டுபோனது திரும்பி வருமாடீ?" "வரும்." அவ்வளவுதான் சொன்னாள். வெறுங்காலோடு, ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்து, தெரு முழுக்கப் பார்க்க, வீடு வரைக்கும் நடந்தாள். அதற்குப் பிறகு அவள் கரைப்பக்கம் கால் வைத்ததில்லை. ஆனால் செருப்பு இருந்தது. துறைமுகக் குடியிருப்புக்குக் குடி போனபோது வந்தது, திரும்பி ஊருக்கு வந்தபோதும் வந்தது, கட்டிலுக்கு அடியில் பழைய துணியில் சுற்றி. சாவுக்குப் பிறகு இவர் தேடினார். கட்டிலைப் புரட்டிப் போட்டே தேடினார். இல்லை. யார் எடுப்பார்கள் ஒற்றைச் செருப்பை. கடைசிக் காலத்தில் சிறுநீரகம் கெட்டுப்போய், உப்பைக் கண்ணால் பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். உப்பில்லாத கஞ்சியை அவளும் குடித்து, அவளுக்குத் துணை என்று இவரும் குடித்து, ஒருநாள் முடியாமல் இவர் மட்டும் அடுக்களையில் நின்றபடி ஒரு கல் உப்பை நாக்கில் வைத்துக்கொண்டார், திரும்பினால் கட்டிலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருக்கிறாள். உப்பு மறுக்கப்பட்டவள் இப்போது இத்தனை உப்புக்குள் வந்து நிற்கிறாள். கையில் என்னமோ. அந்த என்னமோ செருப்பா இல்லையா. அது மட்டும் தெரிந்தால் போதும்.

வேறு யாராவதாக இருக்கலாமே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்க்காமல் இல்லை. கிறுக்கனா இவர். கரை என்றால் ஆள் நடமாட்டம் இருக்கத்தான் செய்யும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை? ஞாயிற்றுக்கிழமை இந்தக் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. படகெல்லாம் மேட்டில் ஏறிக் கவிழ்ந்து கிடக்கும், மீன் இல்லை, ஏலம் இல்லை, காக்கைகூடக் கோயில் பக்கம் போய்விடும். அன்றைக்கும் நின்றாள். அதே மடக்கு, அதே முக்காடு. மற்ற நாளைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி, அசையாமல். அன்றைக்கு அவள் கை ஆட்டவில்லை. அன்றைக்கும் கட்டம் விழவில்லை. பிளாஷ் போட்டுப் பார்ப்போமே என்று தட்டிவிட்டார், படம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொட்டு. மறுநாள், சிலுவை நட்டிருக்கிற குருசடி வாசலில் கோயில் உபதேசியார் அமல்தாஸ் கையில் அதைக் கொடுத்துக் காட்டித் தொலைத்தார். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "ராயரே, இதெல்லாம் மோட்சம் போகமுடியாம உத்தரிக்கிற ஆத்துமாக்கள்" என்றார். "எது?" "இந்தப் பொட்டெல்லாம். வெளிச்சம் தேடி வருதுக." "அலை அடிச்ச தூவானம் ஓய் அது. பிளாஷ்ல மின்னுது." "அப்ப எதுக்குக் காட்டுனீரு?" பொட்டுகளுக்கு நடுவில் அந்தக் கறுப்பு நிற்பது உமக்குத் தெரிகிறதா என்று கேட்கத்தான் காட்டினார். கேட்கவில்லை. தெரியவில்லை என்று அந்த மனுசன் சொல்லிவிட்டால்? தெரிகிறது என்று சொல்லிவிட்டால்? இரண்டில் எது வந்தாலும் தாங்குகிற இடம் இவருக்குள் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார், இருட்டில் சுவிட்சைத் தடவுகிற மாதிரி, அகப்படவில்லை. காமிராவைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

இன்றைக்கு விடுவதாக இல்லை. தூரமும் வெளிச்சமும்தான் கோளாறு. இங்கிருந்து முகம் தெரியாது, முகம் தெரியாவிட்டால் கட்டம் எப்படி விழும். கிட்டே போகலாமென்றால், கிட்டே போனால் இருக்கமாட்டாள், வீட்டிலும் அப்படித்தான், நாலு எட்டு வைத்தால் கட்டில் வெறும் கட்டிலாகிவிடும். அப்படியென்றால் பக்கவாட்டில் போகவேண்டும். கல்வரிசை நுனியில் வடக்கே வளைகிறது. அந்த வளைவுக்குப் போய் நின்றால் வெளிச்சம் அவளுக்கு முதுகில் இல்லாமல் கன்னத்தில் விழும். நடந்தார். கால் கல்லைத் தேடித் தேடி வைக்கிறது, பாசி, ஈரம், நண்டு ஒன்று இடுக்கில் சரசரவென்று இறங்குகிறது. வானத்தில் செம்பு கறுத்துக்கொண்டு வருகிறது, இன்னும் கொஞ்ச நேரம்தான், இந்தக் காமிராவுக்கு இருட்டில் கண் கிடையாது. கரையிலிருந்து சத்தம் கேட்கிறது. காற்று பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் கொடுக்கிறது. ...காதிய... ...ல்லு... கூப்பிடுகிறாள். இத்தனை நாளும் கூப்பிட்டிருக்கிறாள், காதில் விழாத மாதிரி நின்றிருக்கிறார். கட்டம் விழாத ஆளின் சத்தத்துக்குத் திரும்பினால் அப்புறம் பாளையங்கோட்டை டாக்டர் சொன்னது சரியாகிவிடும். படம் வரைகிற மூளை பாட்டும் பாடும். கூப்பிடு. கட்டம் விழட்டும், திரும்புகிறேன். கையை முன்னைவிட வேகமாக ஆட்டுகிறாள், போ போ. உயிரோடு இருந்தபோதும் போ போ, செத்தும் போ போ-வா, எங்கேதான் போகச் சொல்கிறாய் என்னை, என்று வாய்விட்டே சொன்னார், சொல்லிக்கொண்டே வலது காலை அடுத்த கல்லில் வைத்தார், கல் ஆடியது. பெரிய கல், யானை படுத்த மாதிரி, அது போய் ஆடும் என்று யார் நினைப்பார்கள். ஆடி, சாய்ந்து, நின்றது. கால் உள்ளே. இரண்டு கல்லுக்கு நடுவில் கணுக்கால் வரை உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. இழுத்தார். வரவில்லை. வலிக்கவும் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. கீழிருந்து அலை ஏறி இடுப்பு வரை நனைத்துவிட்டு இறங்கியது. அடுத்தது கழுத்துக்கு வந்தது. வாய்க்குள் உப்பு. கல் உப்பு. கட்டிலில் இருந்து பார்க்கிறாள். கோயம்புத்தூரே பரவாயில்லையோ என்று ஒரு நினைப்பு வந்தது, அந்த நேரத்திலும் அதை நினைத்து இவருக்கு எரிச்சலாக இருந்தது.

அவள் வருகிறாள். கல்லுக்குக் கல் தாவி வருகிறாள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. மெற்றில்டாவுக்கு ஏது இந்தத் தாவல். கிட்டே வந்தால் இல்லாமல் போகவேண்டியவள் கிட்டே வர வரப் பெரிதாகிறாள். "மாமா! அசையாதிய! இழுக்காதிய மாமா, கல்லு உருளும்!" மாமாவா. மெற்றில்டா ஒருநாளும் மாமா என்று சொன்னதில்லை, ஏங்க என்பாள், கோபம் வந்தால் இந்தா பாருங்க என்பாள். கழுத்து வரை அலை அடிக்க, கால் கல்லுக்குள் இருக்க, மனுசன் செய்கிற காரியமா என்று பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துக்கொண்டார், ஆனால் கை தானாக மேலே போயிற்று. மணிக்கட்டில் வார் சுற்றியிருந்தது, அலை ஏறும்போதெல்லாம் தூக்கிப் பிடித்ததில் காமிரா நனையாமல் இருந்தது. பாதி அமுக்கினார். திரை நடுங்கியது. கிர்ரென்றது. விழுந்தது. பச்சைக் கட்டம், துடிக்கிற முகத்தின் மேல், முகத்தோடு சேர்ந்து அசைந்து, விடாமல் பிடித்துக்கொண்டு. இருக்கிறாள்! இருக்கிறாள். இரண்டு கோடும் ஒத்துவிட்டது. தலை சரியாகத்தான் இருக்கிறது, டாக்டரைப் போகச் சொல்லு, சில்வியாவைப் போகச் சொல்லு. அந்தச் சந்தோசம் ஒரு மூச்சு இழுக்கிற நேரம் இருந்தது. கட்டத்துக்குள் அகலமான முகம், தடித்த புருவம், மூக்கில் கல் மூக்குத்தி. வடக்குத் தெரு ரொசிட்டா. லேயோன் பொண்டாட்டி. காலையில் தெருவில் மீன் கொண்டுவருகிறவள். தலையில் முக்காடு இல்லை, துண்டு. இழுத்த மூச்சை விடும்போது நெஞ்சுக்குள்ளிருந்து வேறு என்னவோ கூடச் சேர்ந்து போனது. கட்டம் விழுந்தது. ஆள் இருக்கிறது. மெற்றில்டா இல்லை. இத்தனை நாளும் இல்லை.

"இந்த நேரத்துல போட்டோ எடுக்கியளே, உங்களுக்குப் புத்தி இருக்கா?" என்றபடி ரொசிட்டா குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டாள். கல்லை நகர்த்தவில்லை, இவருடைய குதிகாலைப் பிடித்து உள்பக்கம் திருப்பினாள், "விரலைச் சுருட்டுங்க, சுருட்டுங்கங்கேன், கெடா மாதிரி வெறைச்சா எப்பிடி வரும்", அலை ஏறிய நேரம் பார்த்து மேலே இழுத்தாள், கால் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. செருப்பு வரவில்லை. அது கீழே கல்லுக்குள் போயிற்று. கைத்தாங்கலாக அவள் நடத்திக்கொண்டு வரும்போது வாய் ஓயவில்லை. "ஒரு வாரமாக் காட்டுக்கத்தா கத்துதேன். கச்சான்ல கல்லெல்லாம் எளகிக் கெடக்கு, போகாதிய போகாதியன்னு கையக் கைய ஆட்டுதேன். நீங்க என்னடான்னா திரும்பி நின்னு என்னையே போட்டோ எடுத்துட்டு, ஒண்ணுமே தெரியாத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிருதிய. எங்க வீட்டாளுகிட்டச் சொன்னேன், இப்பிடி ஒரு பெரிய மனுசன் பொம்பளையப் போட்டோ எடுக்காருன்னு. அது சிரிக்கு, ராயருக்கு உன் மூஞ்சிதான் கெடைச்சுதாங்கு." "கையில என்ன வெச்சிருந்த?" என்றார் இஞ்ஞாசி. "எப்ப?" "நிக்கும்போது." "தேங்கா நாரு. மீன் பெட்டி கழுவாண்டாமா? அங்கதான் அலை அடங்கிக் கெடக்கும்." "செருப்பு இல்லயே?" அவள் நின்று இவர் முகத்தைப் பார்த்தாள். "நான் எந்தக் காலத்துல செருப்புப் போட்டுட்டுக் கடக்கரைக்கு வந்தேன்? நாத்தம் பிடிச்ச மீன் பெட்டிக்கு முன்னால செருப்பு ஒரு கேடா. என்ன மாமா, மண்டையில எங்கயும் அடிபட்டுச்சா?"

குருசடிப் படியில் உட்காரவைத்தாள். கணுக்காலில் தோல் சிராய்ந்திருந்தது, இப்போதுதான் எரிய ஆரம்பித்தது, எரிச்சல் நல்லது என்று நினைத்தார். வானம் கறுத்துவிட்டது, கலங்கரை விளக்கு ஒரு சுற்று வந்து போயிற்று. "காட்டுங்க பாப்போம், என்னதான் எடுத்திருக்கியன்னு" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள் ரொசிட்டா. மறுக்க முடியாது, உயிரைக் காப்பாற்றியவள். அம்புக்குறியை அமுக்கினார். முதலில் சற்றுமுன் அலைக்குள்ளிருந்து எடுத்தது. பாதி என்று நினைத்து முழுக்க அமுக்கியிருக்கிறார், வாயைப் பிளந்துகொண்டு ஓடிவருகிறாள். "அய்யே. அழிச்சிருங்க இத." அடுத்தது. "இது நான். நல்லா இருட்டடிச்சுருக்கு, ஆனா நான்தான், இடுப்பப் பாத்தாத் தெரியாதா?" இன்னொன்று. "இதுவும் நான். கை ஆட்டுதேன் பாருங்க." அவள் விரல் வைத்த பிறகு இவருக்கும் அது ரொசிட்டாவாகத்தான் தெரிந்தது. இத்தனை நாள் எப்படி வேறாகத் தெரிந்தது. ஒவ்வொன்றாக அவள் வாங்கிக்கொண்டே போனாள், இது நான், இதுவும் நான், இவர் ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே போனார், பின்னோக்கித் திங்கட்கிழமை வரைக்கும். அதற்கு முந்தினது ஞாயிறு. கட்டைவிரல் அம்புக்குறியின் மேல் நின்றது. "ஞாயித்துக்கெழம கரைக்கு வந்தியோ?" என்று கேட்டார், எங்கேயோ பார்த்துக்கொண்டு. "ஞாயித்துக்கெழம எவ வந்து மீன் பெட்டி கழுவுவா? நான் ஊர்லயே இல்லியே, எங்கம்மை வீட்டுக்குல்லா போயிருந்தேன், பொழுது விடிஞ்சுதான் வந்தேன். ஏன்?" "சும்மா." "ஞாயித்துக்கெழமையும் எடுத்திருக்கியளா? காட்டுங்க. யாரு நிக்கான்னு நான் சொல்லிருதேன், எனக்குத் தெரியாத ஆளா இந்தக் கரையில?"

இரண்டாவது கோடு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, நல்ல கண்ணோடு, பொய் சொல்லத் தெரியாத வாயோடு. ஒரு அமுக்கு அமுக்கினால் போதும். ஒண்ணுமில்லியே மாமா, வெறும் தண்ணியில்லா என்று சொல்லும், அல்லது, ஆமா, ஒரு ஆளு நிக்கு, யாரது என்று சொல்லும். நாற்பது வருசம் இதைத்தானே கேட்டார் எல்லாரிடமும். இருட்டில் கடல் மூச்சு விடுகிறது. கப்பல் கணக்கும் கரைக் கணக்கும் ஒத்து வராமல் எப்போதாவது ஒரு மூட்டை மிஞ்சும். அவன் இறக்கினேன் என்பான், இவன் வரவில்லை என்பான், மூட்டையோ கண்ணுக்கு முன்னால் கிடக்கும். அதைத் தகராறு மூட்டை என்று ஷெட் மூலையில் ஓரமாக வைத்துவிடுவார்கள். ஒருத்தரும் தொடக்கூடாது, பிரிக்கக்கூடாது, கப்பலுக்கும் கிடையாது, கரைக்கும் கிடையாது. அது பாட்டுக்கு இருக்கும். சில மூட்டைகள் வருசக்கணக்காக இருந்திருக்கின்றன, அதன் மேல் சாய்ந்து இவரே மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறார். கட்டைவிரலை அம்புக்குறியிலிருந்து எடுத்தார். மேலே இருந்த பொத்தானை அமுக்கினார், காமிரா மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டு கண்ணை மூடியது. "பாட்டரி தீந்துட்டு" என்றார். "அதுக்குள்ளயா?" "பழசு." சட்டைப் பைக்குள் போன் அடித்தது, பாலித்தீனில் சுற்றியிருந்ததால் தப்பித்தது. சில்வியா. "சாப்டியளா அப்பா?" "இல்ல, இனிமதான்." "என்ன காத்து இந்த இரைச்சல் இரையுது, கடக்கரையிலயா இருக்கிய? ஏதும் தெரிஞ்சுதா?" போனைக் காது மாற்றவில்லை. "தெரிஞ்சுது. லேயோன் பொண்டாட்டி ரொசிட்டா தெரிஞ்சா. கல்லுல என் கால் மாட்டிக்கிட்டுது, இழுத்து விட்டா. இந்தா, பக்கத்துலதான் இருக்கா, வேணும்னாக் கேளு." அந்தப் பக்கம் சில்வியா என்னென்னவோ கத்தினாள், காலுக்கு என்ன, எந்தக் கல்லு, ஏன் போனிய, இவர் போனை ரொசிட்டா கையில் கொடுத்தார், அவள் எழுந்து நின்று, ஒரு கையை ஆட்டி ஆட்டி, ஒண்ணுமில்லக்கா, சிராய்ப்புதான், ஆளு ஜம்முனு இருக்காரு, தெளிவாப் பேசுதாரு, நீங்க பயப்படாதிய என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இவர் கீழே பார்த்தார். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் மணல். குனிந்து அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். மணல் குளிர்ந்துவிட்டது. கல்வரிசை மடக்கில், அலை அடங்கிக் கிடக்கிற இடத்தில், விளக்கின் வெளிச்சம் ஒரு முறை தடவிவிட்டுப் போனது. அந்தப் பக்கம் இவர் பார்க்கவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு ஊரைப் பார்த்தே நின்றார், முதுகில் மட்டும் ஏதோ நிற்கிற மாதிரிக் குறுகுறுத்தது, அது குறுகுறுக்கட்டும். ரொசிட்டா போனை நீட்டியவள் இவர் கையைப் பார்த்தாள். "அந்த ஒத்தச் செருப்பத் தூக்கிட்டு எங்க போறிய? கடலு கொண்டுட்டுப் போனது இனி வரவா போகுது. தூரப் போடுங்க மாமா."

"வரும்" என்றார் இஞ்ஞாசி, நடந்தார்.